அந்நிய தேசத்தின்மேல் யுத்தத்திற்குப் போகலாமா?
(வேதபாடம்)

 

இந்த மாத வேதபாடத்திற்கு வேறொரு பொருளை எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டேன். காரணம், நம் சபைத் தம்பி ஒருவன் கேட்ட ஒரு கேள்வி. பிளஸ் டூ முடித்து, விடியற்காலையில் ஓடி ஓடிப் பயிற்சி எடுத்து, ராணுவத்தில் அக்னிவீராகத் தேர்வாகிவிட்டான். அவனுடைய அம்மா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொன்னார்கள். எல்லாரும் கைதட்டிக் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஐயா, நம்ம எல்லைக்குள்ள ஒருத்தன் வந்தா அடிக்கிறது சரி. நம்ம கவர்மெண்ட்டே இன்னொரு நாட்டுக்குள்ள போன்னு சொன்னா? அது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் அவசரக்காரன். “ரோமர் 13-ஐ வாசி தம்பி. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளத்தில் உறுத்த ஆரம்பித்தது. 1939 செப்டம்பர் 1-ம் தேதி ஹிட்லருடைய சேனை போலந்துக்குள் நுழைந்ததே, அந்தச் சேனையிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையிலும் ரோமர் 13 இருந்தது. இன்னும் கேளுங்கள், அந்தச் சிப்பாய்களின் இடுப்பு வார்க் கொக்கியில் “தேவன் நம்மோடு” என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருந்தது! தம்பிக்கு நான் சொன்ன பதிலை அவர்களுக்கும் சொல்லலாம் என்றால், அது பதிலே இல்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

நம்முடைய பிதாக்கள் என்ன சொன்னார்கள்?

பெந்தெகொஸ்தே சபையாராகிய நமக்கே இதில் ஒரு சரித்திரம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது. 1914-ல் அமெரிக்காவில் ஆரம்பமான அசெம்பிளீஸ் ஆஃப் காட் ஐக்கியம், 1917-ல் அந்த தேசம் முதல் உலக யுத்தத்தில் இறங்கியபோது, மனித உயிரைக் கொல்லும் யுத்தத்தில் எங்களால் பங்குபெற முடியாது என்று அரசாங்கத்துக்கே அறிவித்தது. தேசபக்தி காட்டுத்தீயாக எரிந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பிறகு 50 வருஷம் கழித்து, 1967-ல், அவனவன் தன் மனச்சாட்சியின்படி தீர்மானிக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஆதி நாட்களிலும் இப்படித்தான். கி.பி. 295-ல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது வாலிபன், நான் கிறிஸ்தவன், சேவகம் செய்ய மாட்டேன் என்று ரோம அதிகாரியின் முன் மறுத்து, தலை வெட்டப்பட்டுச் செத்தான். அவனுடைய தகப்பனே ராணுவக்காரர். அதே வட ஆப்பிரிக்காவில் நூறு வருஷம் கழித்துக் கண்காணியாயிருந்த அகுஸ்தீன், போனிபாஸ் என்ற சேனாதிபதிக்கு நிருபம் எழுதினார். சமாதானமே உன் விருப்பமாயிருக்க வேண்டும், யுத்தம் வேறு வழியில்லாத அவசியமாக மட்டும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை மூன்று கேள்விகளாக்கினார். யுத்தத்தை அறிவிக்கிறவருக்கு அதற்கு அதிகாரம் உண்டா? காரணம் நியாயமானதா? உள்நோக்கம் சுத்தமா? பின்னால் வந்தவர்கள் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள். மற்ற எல்லா வழியும் அடைபட்டதா? ஜெயிக்க நம்பிக்கை உண்டா? சரிசெய்யப் போகிற கேட்டைவிட யுத்தத்தின் கேடு பெரிதாகிவிடாதா?

இவையெல்லாம் மனுஷருடைய போதனைதானே என்று சிலர் சொல்லலாம். பொறுங்கள். ஜெயிக்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற ராஜாவைப் பற்றி ஆண்டவரே பேசியிருக்கிறார். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்க முடியாதென்றால் அவன் ஸ்தானாபதிகளை அனுப்பிச் சமாதானம் பேசுவான் என்கிறார் (லூக்கா 14). பட்டணத்தை நெருங்கினால் முதலில் சமாதானம் கூறு என்று உபாகமம் 20 கட்டளையிடுகிறது.

“யுத்தமே கூடாது” என்கிற சகோதரரை நான் கோழை என்று சொல்லமாட்டேன். மாக்சிமிலியன் கோழையா? ஆனாலும் கடைசிவரை அவர்களோடு போக என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம், நாம் அதிகமாக வாசிக்காத ஒரு சின்னப் புஸ்தகம், ஒபதியா. எருசலேமுக்குள் அந்நியர் புகுந்து கொள்ளையடித்த நாளில் ஏதோம் எதிரே நின்று பார்த்தான். அன்றைக்கு அப்படி நின்ற நீயும் அவர்களில் ஒருவனைப்போல ஆனாய் என்று கர்த்தர் அவனைக் கணக்கில் சேர்க்கிறார். சும்மா நின்றதற்கும் கணக்கு உண்டு!

ஆபிராமும் 318 பேரும்

வேதத்தில் ஆபிராம் பட்டயம் எடுத்தது ஒரே ஒரு தடவை (ஆதியாகமம் 14). நாலு ராஜாக்கள் ஐந்து ராஜாக்களோடு யுத்தம்பண்ணினார்கள். ஆபிராம் போகவில்லை. சோதோமைக் கொள்ளையிட்டார்கள். அப்போதும் அவன் போனதாக இல்லை. ராஜாக்களின் சண்டை ராஜாக்களோடு. ஆனால் தப்பி வந்த ஒருவன், லோத்தைச் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னதும், தன் வீட்டிலே பிறந்து பயிற்சி பெற்ற 318 பேரை எழுப்பிக்கொண்டு தாண் வரைக்கும், அதற்கப்பால் தமஸ்குவுக்கு வடக்கே ஓபா வரைக்கும் துரத்திப் போனான். அது அவனுடைய இடமல்ல. எல்லை தாண்டித்தான் போனான்.

என்ன செய்தான்? லோத்தை மீட்டான். ஸ்திரீகளையும் ஜனங்களையும் மீட்டான். அந்த ராஜாக்களின் தேசத்தைப் பிடித்து உட்காரவில்லை. திரும்பி வந்துவிட்டான். அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். சோதோமின் ராஜா எதிர்கொண்டு வந்து, ஆட்களை எனக்குக் கொடு, பொருளை நீ வைத்துக்கொள் என்றான். அன்றைய வழக்கப்படி அது ஆபிராமுக்குச் சேர வேண்டியதுதான். ஆபிராமோ ஒரு நூலையும் பாதரட்சையின் வாரையும்கூட எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று கையை உயர்த்திச் சொல்லிவிட்டான். வாலிபர் சாப்பிட்டதும் கூட வந்தவர்களின் பங்கும் மட்டுமே கழிவு.

பிரியமானவர்களே, ஒரு தேசம் நல்ல எண்ணத்தோடுதான் யுத்தத்துக்குப் போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போகும்போது எல்லா ராஜாவும் நல்ல வார்த்தைதான் பேசுவான். திரும்பி வரும்போது அவன் கையைப் பாருங்கள். பாதரட்சையின் வார் இருக்கிறதா?

அப்படியானால் யோசுவாவின் யுத்தங்கள் என்ன, அங்கே தேசத்தையே பிடித்தார்களே என்று கேட்பீர்கள். அது கர்த்தர் வாய்திறந்து ஒரு ஜனத்துக்கு ஒரு காலத்தில் கொடுத்த கட்டளை. அந்தச் சீட்டு இன்றைக்கு எந்தப் பிரதம மந்திரியின் கையிலும் இல்லை. 1539-ல் ஸ்பெயின் தேசத்து சலமன்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற போதகர் இதைத் தெளிவாகப் பேசினார். அவருடைய சொந்த தேசத்தார் அமெரிக்கக் கண்டத்து ஜனங்களை அடிமையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் வேறு மார்க்கத்தார் என்பது யுத்தத்துக்கு நியாயமான காரணமல்ல, ராஜ்யத்தைப் பெரிதாக்குவதும் காரணமல்ல, செய்யப்பட்ட அநியாயம் ஒன்றே காரணம் என்றார். கீலேயாத்தில் தங்கள் எல்லையை விரிவாக்கக் கர்ப்பவதிகளைக் கீறிய அம்மோன் புத்திரரை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டிக்கிறாரே, அதே சத்தியம்தான்.

நம் காலத்து லோத்து: 1971

இப்போது நம்முடைய தேசத்துக்கே வருவோம். அடுத்தவன் தேசத்தை நிறுப்பது சுலபம். நம்முடையதை நிறுத்துப் பார்ப்போம்.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் தேர்தல் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் பிடித்தது. முழு தேசத்துக்கும் அவரே ஆட்சி அமைக்க வேண்டும். ஜெனரல் யாஹ்யா கான் அதைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 ராத்திரி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்த ஜனத்தின்மேலேயே இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைச் சுட்டார்கள். முஜிபைக் கைதுபண்ணினார்கள். அடுத்த ஒன்பது மாதத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பற்றி இன்றும் வாக்குவாதம் உண்டு. வங்கதேசம் 30 லட்சம் என்கிறது, மிகவும் குறைத்துச் சொல்லுகிறவர்களும் உண்டு. ஆனால் நம் எல்லையைத் தாண்டி அகதிகளாக வந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடிப் பேர். மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் அஸ்ஸாமிலும் மேகாலயாவிலும் முகாம் முகாமாய். மழைக்காலத்தில் காலரா வந்தது. பன்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோய், திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து அநேக ஜீவன்களைத் தப்புவித்தார். இன்று நம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கிறோமே, அந்த உப்பு சர்க்கரைக் கரைசலின் பலனை உலகம் கண்டுகொண்டதில் அந்த முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

தப்பி வந்த ஒருவன் சொன்னதைக் கேட்டு ஆபிராம் எழுந்தான். நமக்குச் சொல்லத் தப்பி வந்தவர்கள் ஒரு கோடி!

உடனே யுத்தத்துக்குப் போனோமா? இல்லை. இந்திரா காந்தி அம்மையார் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஐரோப்பிய தலைநகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் நேரே போய்ப் பேசினார். நிக்சன் அசையவில்லை. டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ், ஆக்ரா முதலான நம் விமானத் தளங்களின்மேல் குண்டு போட்டன. யுத்தம் தொடங்கியது. டிசம்பர் 16-ல் டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஜெனரல் நியாஸி, ஜெனரல் அரோராவின் முன் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். 13 நாளில் முடிந்தது.

திரும்பி வந்த கையைப் பார்ப்போம். 1972 மார்ச் மாதத்தில் நம் ராணுவம் வங்கதேசத்தைவிட்டு வெளியேறிவிட்டது. ஒரு ஜில்லாவைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. 1972 ஜூலை 2-ல் சிம்லா ஒப்பந்தம். மேற்கு எல்லையில் பிடித்த நிலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தோம். அகதிகள் வீடு திரும்பினார்கள்.

இதோடு நிறுத்தினால் தேசபக்திக் கட்டுரையாகிவிடும், வேதபாடம் ஆகாது. தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். டிசம்பர் 3-க்கு முன்பே, நவம்பரிலேயே, நம் படைகள் சில இடங்களில் எல்லையைத் தாண்டிவிட்டன. முக்தி வாஹினிக்கு ஆயுதமும் பயிற்சியும் அதற்கு முன்பிருந்தே கொடுத்து வந்தோம். டிசம்பர் 7-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் யுத்தத்தை நிறுத்திப் படைகளைத் திரும்பப் பெறுங்கள் என்று 104 தேசங்கள் வாக்களித்தன. எதிர்த்தவை 11 மட்டும். அதிகாரம் உண்டா என்ற முதல் கேள்வியில் நாம் முழு மதிப்பெண் வாங்கவில்லை. இந்த 104 தேசங்களில் எது அந்த முகாம்களின் காலராவை வந்து பார்த்தது என்றும் நான் கேட்பேன். அது வேறு. உள்நோக்கமும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. பகைவனின் பலம் பாதியாகக் குறையும் என்ற கணக்கு டெல்லியில் ஒருவருக்கும் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? விடுதலைக்குப் பிறகு அங்கே உருது பேசும் பீகாரி ஜனங்கள்மேல் பழிதீர்த்தல் நடந்தது. குற்றமற்றவர்களும் அதில் மாண்டார்கள். நம் பக்கத்தில் ஏறக்குறைய 3,800 பேர் திரும்பி வரவில்லை.

எல்லாவற்றையும் போட்டு நிறுத்த பிறகும் என் மனச்சாட்சிக்கு அது நியாயமான யுத்தம்தான். ஆனால் கண்ணீரோடு சொல்ல வேண்டிய “நியாயம்” அது. கர்த்தருடைய யுத்தங்களை நடத்திய தாவீதையே, நீ மிகுதியான இரத்தத்தைச் சிந்தினாய், ஆலயத்தை நீ கட்ட வேண்டாம் என்று தேவன் சொல்லவில்லையா (1 நாளாகமம் 22)? நியாயமான யுத்தத்திலும் கையில் இரத்தம் ஒட்டும்.

நல்ல ராஜா, வேண்டாத யுத்தம்

யோசியாவைப்போல நல்ல ராஜா யார்? எட்டு வயதில் ராஜாவானவன், விக்கிரகங்களை அகற்றினவன், நியாயப்பிரமாணத்தைக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்தவன். அவன் எப்படிச் செத்தான் தெரியுமா? எகிப்தின் ராஜா நேகோ கர்கேமிசுக்குப் போய்க்கொண்டிருந்தான். உன்னோடு எனக்கு வேலையில்லை, நான் வேறொருவனோடு யுத்தம்பண்ணப் போகிறேன், விலகு என்று ஆள் அனுப்பினான். யோசியா கேட்கவில்லை. வேஷம் மாறி மெகிதோவுக்குப் போனான். வில்வீரர் எய்தார்கள். 39 வயதில் பிரேதமானான் (2 நாளாகமம் 35). லோத்து இல்லை, படையெடுப்பு இல்லை, ஸ்தானாபதி வந்து பேசியும் காது கொடுக்கவில்லை. ஜெபிக்கிற தலைவன் தொடங்கினால் யுத்தம் சரியாகத்தானிருக்கும் என்று நினைக்கிற விசுவாசிகள் இந்த அதிகாரத்தை இரண்டு தடவை வாசியுங்கள்.

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின்மேல் போனபோது அந்தத் தேசத்தின் ஜனாதிபதி ஜெபிக்கிறவர்தான். பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பாதுகாப்புச் சபை அந்த யுத்தத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. தேசத்தைப் பிடித்து வீடு வீடாகத் தேடியும் அந்த ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. அங்கே ஆதிகாலம்தொட்டு வாழ்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், அதற்குப் பிறகு வந்த கலகத்தில் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். நினிவேயின் சமவெளியில் ஆராதனை நின்றுபோன ஆலயங்கள் உண்டு. அதற்குமுன் 1991-ல் குவைத்தை மீட்க நடந்த யுத்தம் அப்படியல்ல. ஈராக் 1990 ஆகஸ்ட் 2-ல் ஒரு தேசத்தையே விழுங்கியிருந்தது. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டு, ஜனவரி 15 வரை தவணை கொடுத்தது. ஆனால் அந்த நியாயமான யுத்தத்திலும் பிப்ரவரி 13 அதிகாலையில் பாக்தாத்தின் அமிரியா பதுங்கு குழியில் குண்டு விழுந்து 400-க்கு மேற்பட்ட பொதுஜனம் வெந்து செத்தார்கள். காரணம் சரியாயிருந்தால் போதாது, கையும் சரியாயிருக்க வேண்டும். முற்றிக்கை போடும்போது கனிமரத்தை வெட்டாதே என்று சொன்ன தேவன் (உபா. 20), தாயையும் பிள்ளையையும் எப்படிப் பார்ப்பார்!

சபைக்கும் ஒரு எச்சரிப்பு. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. அதே வருஷம் செப்டம்பரில் மாஸ்கோவின் பிதாப்பிதா கிரில், இந்தக் கடமையில் சாகிறவனுடைய பாவங்கள் கழுவப்படும் என்று பிரசங்கித்தார். பாவத்தைக் கழுவுவது யாருடைய இரத்தம்? ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். ஒரு மேய்ப்பர் ராஜாவின் மேசையில் அதிக நாள் சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

தம்பிக்கு என்ன சொன்னேன்?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். போன வாரம் சொன்னது அரைகுறைப் பதில் என்று ஒப்புக்கொண்டேன். யுத்தத்தைத் தொடங்குவது உன் கையில் இல்லை, அந்தக் கணக்கை ஆளுகிறவர்கள் கொடுப்பார்கள். சரணடைந்தவனை, பெண்ணை, பிள்ளையை நீ என்ன செய்தாய் என்ற கணக்கு உன்னுடையது என்றேன். யோவான்ஸ்நானனிடத்தில் போர்ச்சேவகர் வந்து கேட்டபோது அவர் வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை, இடுக்கண் செய்யாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்றிரு என்றுதான் சொன்னார் (லூக்கா 3).

அவன் விடவில்லை. “தப்புன்னு எனக்கே தெளிவாத் தெரிஞ்சுட்டா, ஐயா?”

வித்தோரியா இதற்கும் பதில் சொல்லியிருக்கிறார். யுத்தம் அநியாயம் என்று மனச்சாட்சியில் நிச்சயமானவன், ராஜா கட்டளையிட்டாலும் போகக் கூடாது என்றார். அதைச் சொன்னேன். அதோடு, அப்படி மறுத்தால் ராணுவ நீதிமன்றம் வரும், ஜெயில் வரும், ஊரில் துரோகி என்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அம்மாவும் தூண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து நம் சபையின் மிலிட்டரிக்கார அண்ணன் எழுந்து வந்தார். 1971-ல் அவருக்கு வயது 21. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அந்த யுத்தத்தைச் சாட்சியாகச் சொன்னதில்லை. பிடிபட்ட ஏறக்குறைய 93,000 பேரை நம் தேசத்தில் முகாம்களில் வைத்திருந்தார்களே, அதில் ஒன்றில் காவலுக்கும் சமையலுக்கும் இருந்தாராம்.

“தம்பி, அவங்க எங்க ஆளைக் கொன்னவங்க. முதல் நாளு பரிமாறும்போது என் கை நடுங்குச்சு. ஒரு பையன், உன் வயசுதான், தட்டை நீட்டிக்கிட்டே அழுதான். இன்னொரு கரண்டி போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.”

எலிசா தன்னைப் பிடிக்க வந்த சீரியரின் சேனைக்கு அப்பமும் தண்ணீரும் வைத்து அனுப்பினதை (2 இராஜாக்கள் 6) நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் தம்பியின் தலையில் கைவைத்தார், நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று ஜெபித்தோம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரயிலில் அவன் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனான். சபையின் ஜெபக்குறிப்பில் அவனுக்காகவும், எல்லைக்கு அந்தப் பக்கம் இதேபோல் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கிற பிள்ளைகளுக்காகவும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல் காலை 10 மணிக்கு.